பதின்மூன்று நாய்களின் சொந்தக்காரர்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற அவருடைய பிள்ளைகள் தொலைபேசி எடுத்து என்னைக் கிழித்துவிடுவார்கள். அவர் இப்போது உயிரோடிருந்தாலோ, "என்ன ரீச்சர், என்ரை பேர் எங்கை?" என்று அவரே வந்து கேட்டிருப்பார். எங்களுக்கு அவர் 'தலைவர்'. வேலணையிலிருந்து சரவணை வரை அந்த நாளில் அப்படிச் சொன்னால் போதும், எந்தத் தலைவர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஜீவகாருண்ய சங்கத் தலைவர். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலேயே முதலாவது ஜீவகாருண்ய சங்கம் என்று அவர் சொல்லுவார். இரண்டாவது ஒன்று வந்ததாக எனக்குத் தெரியாது. எங்கள் ஒன்றோடேயே சனத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தெற்கே ஒரு பட்டணத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்து, ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். தோட்டம் செய்ய அவருக்குக் கைவராது. சும்மா இருக்கவும் ஏலாது. நாலு பேருக்குக் கட்டளை போட்டுப் பழகிய மனிதர் ஊரில் யாருக்குக் கட்டளை போடுவது? அப்படி இருக்கிற நேரத்தில்தான் நாய்ச் சோலி வந்தது.

அந்தக் காலத்தில் வருடத்துக்கொரு தடவை ஊர்ச்சபையில் நாயைப் பதிந்து, கழுத்தில் கட்ட ஒரு பித்தளைத் தகடு வாங்கவேண்டும். பதிகிற காலம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை சபை அனுப்புகிற துவக்குக்காரன் வருவான். தகடு இல்லாமல் றோட்டில் நிற்கிற நாய்க்கு அன்றோடு சரி, ஒரே வெடி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் கண்முன்னே விழும். நான் படிப்பித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்கு வாய்ப்பாடு சொல்லமாட்டார்கள், அழுவார்கள். அந்த அழுகை தாங்காமல்தான் நானும் சங்கத்தில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். வேறு எவருக்கும் கடிதம் எழுதப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

பதினொரு அங்கத்தவர், ஒன்பது பதவி. மிச்சமிருந்த இரண்டு பேரும் தங்களுக்கு ஏன் பதவி இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சங்க யாப்பின் மூன்றாம் விதி, அங்கத்தவர் சுத்த சைவமாக இருக்கவேண்டும் என்பது. தனாதிகாரி நடராசா அண்ணை வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். மற்ற நாட்களில் அவருடைய குசினிப் புகை ஒழுங்கைமுழுக்கக் கதை சொல்லும், நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு யாப்பைக் காப்பாற்றினோம்.

ஊரில் அந்த நாய்களுக்குத் தினமும் சோறு போட்ட ஒரேயொரு ஆள் செல்லம்மாக்கா. பனங்காணிகளில் ஓலையும் மட்டையும் பொறுக்கி விற்றுச் சீவித்த கைம்பெண். சந்தையில் மிஞ்சுகிற மீன்தலைகளைக் கேட்டு வாங்கி, பழஞ்சோற்றோடு அவித்து, பின்னேரம் சந்தியில் கொண்டுவந்து வைப்பா. சங்கத்தில் சேரலாமோ என்று ஒருநாள் கேட்டா.

"எணை, நீ மச்சம் சாப்பிடுறனி," என்றார் தலைவர். "மீன் திண்டுகொண்டு ஜீவகாருண்யம் கதைக்க ஏலாது."

"நான் கதைக்க வரேல்லை ஐயா. சோறு வைக்கத்தான் கேட்டனான்."

"சோறு வை. ஆர் வேண்டாம் எண்டது? சங்கத்தின்ரை பேரைச் சொல்லாமல் வை."

செல்லம்மாக்கா அதற்குப் பிறகு வாசிகசாலையில் எங்கள் கூட்டம் நடக்கிற நாட்களில் வெளியே யன்னலடியில் நிற்பா. உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

தலைவருடைய குணம் என்னவென்றால், ஒரு உயிர் தப்பியதென்றால் அது அவர் கையால் தப்பியிருக்கவேண்டும். வேறு யாராவது காப்பாற்றினால் அவருக்கு அது தப்பியதாகவே கணக்கில்லை. ஒரு மாரிகாலம் பங்குக் கிணற்றுக்குள் கன்றுக்குட்டி விழுந்துவிட்டது. நடராசா அண்ணையும் இன்னும் மூன்று பேரும் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கட்டித் தூக்கி வெளியே எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கன்று தாயிடம் பால் குடிக்கிற நேரம் தலைவர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"ஆர் காப்பாத்தினது?" என்றார். கன்றுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எல்லாருமாச் சேர்ந்துதான் அண்ணை," என்றார் நடராசா அண்ணை, நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு.

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் இல்லை. ஆர் எண்டு சொல்லும்."

நடராசா அண்ணை நடுங்கிக்கொண்டு நின்றார். தலைவர் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார். துலாவைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், நிலத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"உந்தக் கயிறு ஆற்றை?"

நடராசா அண்ணை கையால் அவரையே காட்டினார். கயிறு அவருடைய வளவிலிருந்து, அவர் மனைவியிடம் கேட்டு எடுத்து வந்தது.

"அப்ப என்ன!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நான் வாறதுக்கு முந்தி என்ரை கயிறு வந்திட்டுது."

கன்றாவது ஒரு நாளோடு போயிற்று. வேள்விக் கிடாயின் பாடு அப்படியல்ல. கோயிலில் வெட்டுவதற்கு நேர்ந்து வளர்த்த கிடாயை, மூன்று நாள் அந்த வீட்டாரோடு கதைத்துக் கதைத்து, அதற்குப் பதிலாக நீற்றுப்பூசணிக்காயை வெட்டுவதாகச் சம்மதிக்கவைத்து, நடராசா அண்ணை தன் வளவில் கொண்டுவந்து கட்டினார். நல்ல காரியம். ஊரே மெச்சியது. ஊர் மெச்சினால் தலைவருக்கு நித்திரை வருமோ? இரண்டாம் நாள் விடியக் கட்டையில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. பின்னேரக் கூட்டத்துக்குத் தலைவர் கிடாயோடு வந்தார். கிடாயின் கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. சந்தியில் அநாதரவாகத் திரிந்த ஒரு கிடாயைத் தாம் மீட்டெடுத்ததாக அறிவித்தார்.

"அது என்ரை வளவிலை கட்டி நிண்ட கிடாய்!" என்று நடராசா அண்ணை துள்ளினார்.

"கட்டி நிண்ட கிடாய் எப்பிடிச் சந்திக்கு வந்தது? நீர் கவனமாப் பாத்திருந்தா நான் ஏன் மீட்கவேணும்?"

இரண்டு நாள் கழித்து நடராசா அண்ணை அதைத் தலைவர் வளவிலிருந்து மீட்டார். பிறகு தலைவர் மீட்டார். அந்தக் கிடாயைப்போல் காப்பாற்றப்பட்ட கிடாய் இலங்கையிலேயே இருந்திராது. காப்பாற்றப்பட்டுக் காப்பாற்றப்பட்டே எலும்பும் தோலுமாகிவிட்டது. கடைசியில் நான்தான் ஒருநாள் மத்தியானம் அதை அவிழ்த்து, சரவணையில் என் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் தலைவர், கிடாய் தன் பொறுப்பில் சுகமாக இருப்பதாகச் சொன்னார். நடராசா அண்ணையும் எழும்பி, தன் பொறுப்பில் சுகமாக இருப்பதாகச் சொன்னார். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

இப்படி நான் பரிகசித்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒருநாள் மத்தியானம் கண்டதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் போய்விட்டு பஸ்ஸில் வந்து சாட்டி முடக்கில் இறங்கினேன். கொதிக்கிற வெயில். றோட்டோரம் ஒரு குடை விரித்தபடி நிலத்தோடு இருந்தது. கிட்டப் போனால் குடைக்குக் கீழே ஒரு நாய், பின்கால் ஒன்று நசிந்துபோய்க் கிடந்தது. குடைக்கு வெளியே தலைவர். வெள்ளை வேட்டி புழுதியில் கிடக்க, குந்தியிருந்து, நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அழாதை ராசா. இன்னும் கொஞ்ச நேரம். வண்டில் வருகுது. அழாதை என்ரை ராசா."

நாய் அழவில்லை. அவர்தான் அழுதுகொண்டிருந்தார். பார்க்க அங்கே ஒருவரும் இல்லை, நான் வருவேனென்று அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் அப்படியே நின்றுவிட்டேன். நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்து, சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீர்?"

"இப்பத்தான் ஐயா வந்தனான்."

"நான் பதினொரு மணியிலையிருந்து. குறிச்சுக்கொள்ளும்."

அடக் கடவுளே என்றிருந்தது எனக்கு. அந்த நாயை ஒரு மாதம் தன் வீட்டில் வைத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசி, மனைவியைக்கூடத் தொடவிடாமல் அவரே பார்த்தார். கால் ஒன்று போனாலும் உயிர் தப்பிவிட்டது. மூண்டுகாலன் என்று பெயர் வைத்தார்கள். அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் கெந்திக் கெந்தி ஓடும், அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மெல்ல மிதிப்பார்.

அடுத்த வருடம் நாய்ப்பதிவு வந்தபோது, இந்தத் தடவை ஒரு நாயும் சாகக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். சந்தியை அண்டி வாழ்ந்த நாய்கள், மூண்டுகாலனோடு சேர்த்து, பதின்மூன்று. எல்லாவற்றையும் பதிந்து தகடு கட்டிவிட்டால் துவக்குக்காரன் வெறுங்கையோடு போவான். சபைக்குப் போனால் அங்கே கிளாக்கர் தலையை ஆட்டினார்.

"சங்கத்தின்ரை பேரிலை ஏலாது ரீச்சர். நாய்க்குச் சொந்தக்காரன் எண்டு ஒரு ஆளின்ரை பேர் வேணும்."

கூட்டம் கூட்டினோம். அப்போது பார்க்கவேண்டும் எங்கள் ஜீவகாருண்யத்தை! நடராசா அண்ணைக்கு மகளின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, நாய்க்காரன் வீட்டுப் பிள்ளை என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிப்போடுமாம். இன்னொருவருக்கு அரசாங்க உத்தியோகம், மேலிடத்தில் கேட்பார்களாம். இன்னொருவருக்கு ஏழரைச் சனி. நான் என் பேரில் மூன்று பதியலாமோ என்று யோசித்தேன், யோசித்து முடிக்கமுன் யன்னலடியில் குரல் கேட்டது.

"என்ரை பேரிலை பதியுங்கோ பிள்ளை. என்னை ஆர் இனிப் பொம்பிளை பாக்க வரப்போகினம்?"

தலைவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "சங்கத்தின்ரை நாயளை வெளி ஆள் பேரிலை பதியிறதோ? பதின்மூண்டும் என்ரை பேரிலை!"

அப்படியே பதிந்தார். தகட்டில் இலக்கம் மட்டும்தான் இருக்கும் என்பதால், தகரத் துண்டில் தன் பெயரின் முதலெழுத்துகளை வெள்ளைப் பெயின்றால் எழுதி அதையும் சேர்த்துக் கட்டினார். ஊரெல்லாம் அவர் வால் ஆட்டிக்கொண்டு திரிந்தார். சிறுவர்கள் நாய்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைவற்றை நாய் கோழியைப் பிடித்துப்போட்டுது என்று சனம் முறையிட்டபோது, "கோழி பிடிச்சது சங்கத்தின்ரை நாய். காரியதரிசியைக் கேளுங்கோ," என்று என்னிடம் அனுப்பினார். நன்மை எல்லாம் அவருக்கு, கோழி எனக்கு.

சங்கம் தொடங்கிய நாலாம் வருடம் சங்கத்தாருக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. அந்தமுறையும் பதின்மூன்றையும் அவரே பதிந்து தகடு கட்டி முடித்திருந்தார். பதிவு மூடியாயிற்று, திங்கட்கிழமை துவக்குக்காரன் வரவேண்டும். முதல்நாள் ஞாயிறு காலை எங்கள் பொதுக்கூட்டம். நடராசா அண்ணை எனக்கும் சொல்லாமல் வீடுவீடாகப் போய்ப் பேசி வைத்திருக்கிறார். துண்டில் பெயர் எழுதி வெற்றிலைத் தட்டத்தில் போட்டார்கள். விரித்துப் பார்த்தால் புதிய தலைவர் நான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அவர் சத்தம் போடவில்லை. குடையை எடுத்தார்.

"நல்லது. சங்கம் உங்கடை. நாய் என்ரை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வழக்கமான கோபம் என்று நினைத்தோம். மாதத்துக்கொருமுறை விலகுவதும், நான் போய்க் கெஞ்சிக் கூட்டிவருவதும் நடப்பதுதானே. "பின்னேரம் ரீச்சர் போய்க் கதைச்சாச் சரிவரும்," என்றார் நடராசா அண்ணை. சோடா உடைத்துக் குடித்தோம். நாங்கள் சோடா குடித்துக்கொண்டிருந்த நேரம் அவர் ஒரு கத்தரிக்கோலோடு சைக்கிளில் சந்தியைச் சுற்றி வந்திருக்கிறார். நாய்கள் அவரைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு வந்து கழுத்தை நீட்டியிருக்கின்றன. தகடுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூண்டுகாலனையும் விடவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். விறாந்தையில் கதிரையில் இருந்து, தகடுகளைப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாளைக்கு விடியத் துவக்குக்காரன் வாறான்."

"தெரியும்."

"தலைவர் பதவி எனக்கு வேண்டாம். இப்பவே எழுதித் தாறன். நீங்களே இருங்கோ."

"நீர் தந்து நான் எடுக்கிறதோ?"

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் ஒரு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விடியட்டும். எல்லாரும் சந்திக்கு வாங்கோ. துவக்குக்காரன் வந்து நிக்கேக்கை நான் ஒண்டொண்டாக் கட்டுவன். ஆராலை இந்தச் சீவன்கள் தப்புது எண்டு நிண்டு பாருங்கோ."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "இந்த மனிசனுக்கு விசர் பிடிச்சிட்டுது பிள்ளை," என்றா. அவர் காதில் வாங்கவில்லை.

செல்லம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். அவ திட்டவும் இல்லை, அழவும் இல்லை. மீன்தலைச் சட்டியை அடுப்பில் ஏற்றினா. பொழுது படமுன் பதின்மூன்று நாயும் அவவின் வளவுக்குள் நின்றன. நல்ல உயரமான ஓலை வேலி. படலைக்குப் பூட்டில்லை, ஒரு கம்பி வளையம்தான். விடிய நான் போனபோது துவக்குக்காரன் சந்தியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

"வளவுக்குள்ளை நிக்கிற நாய் என்ரை கண்ணுக்குத் தெரியாது ரீச்சர்," என்றான். "வெளியிலை விடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. ஒரு மணித்தியாலத்திலை போயிடுவன்."

எனக்கு உயிர் வந்தது, செல்லம்மாக்காவின் படலைக்குப் போய் நின்றேன். ஒரு மணித்தியாலம்தானே. அதில் அரை மணித்தியாலம் போய்விட்டது. சந்தியில் சங்கத்தார் முழுப்பேரும் கூடிவிட்டார்கள். தலைவரும் தகடுகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்ட நாய் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் செல்லம்மா காப்பாற்றிவிட்டா என்று யாரோ வாய் விட்டுவிட்டார்கள். நடராசா அண்ணையாகத்தான் இருக்கும்.

தலைவர் விறுவிறென்று வந்தார். நான் படலையில் கை வைத்தபடி நின்றேன்.

"கையை எடும் ரீச்சர்."

செல்லம்மாக்கா உள்ளேயிருந்து கும்பிட்டா. "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவன் போகட்டும். போனாப் பிறகு வந்து கட்டுங்கோ, நானே பிடிச்சுத் தாறன்."

"அவன் போனாப் பிறகு கட்டி என்ன பிரியோசனம்? என்ரை நாயை அடைச்சு வைக்க நீ ஆர்? கையை எடும் எண்டு சொன்னனான்!"

எடுத்துவிட்டேன். பெரியவர், பழகிய மனிதர், அந்தக் குரலுக்கு நாலு வருடமாக எழும்பி நின்று பழகியவள். கை தானாகவே எடுபட்டுவிட்டது.

படலை திறந்ததும் மூண்டுகாலன்தான் முதலில் வந்து அவர் காலைச் சுற்றியது. அவர் குனிந்து அதன் கழுத்தில் தகட்டைக் கட்டப்போன நேரம், இரவுமுழுக்க அடைபட்டுக் கிடந்த மற்றவை அவரையும் என்னையும் தள்ளிக்கொண்டு றோட்டுக்குப் பாய்ந்தன. சந்தியில் முதல் வெடி கேட்டது. மூண்டுகாலன் பயந்துபோய் அவர் கையிலிருந்து நழுவி, மற்றவற்றின் பின்னால் கெந்திக்கொண்டு ஓடியது. அவர் தகடுக் கோவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு துரத்தினார்.

"தகடு இருக்கு! சுடாதை! எல்லாத்துக்கும் தகடு இருக்கு!"

அவர் சந்திக்குப் போய்ச் சேரமுன் நாலு வெடி கேட்டுவிட்டது. ஒன்பது தப்பி ஓடின. நாலு கிடந்தன. அவர் மூண்டுகாலனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். துவக்குக்காரன் துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு, "கையிலை தகடு இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும் ஐயா? கழுத்திலையெல்லோ இருக்கவேணும்," என்று அழாக்குறையாகச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். வராதவர்களெல்லாம் வந்தார்கள். குற்றம் சொல்ல ஆள் தேடும்போது எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் பஞ்சி வராது. ஒருவர் ஊர்ச்சபையில் பிழை என்றார். ஒருவர் செல்லம்மாக்காவின் படலையில் பிழை என்றார். நடராசா அண்ணை பொதுக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்ததில் பிழை என்றார், அதாவது என்னில். கடைசியில் எல்லோருக்கும் வசதியாக, துவக்குக்காரனைக் கண்டித்து ஒரு தீர்மானம் போடுவதென்று வந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

வாசல்பக்க வாங்குப் பலகையில் ஒரு வாரத் தாடியோடு இருந்த தலைவர் எழும்பினார்.

"அவனை விடுங்கோ. அவன் தன்ரை வேலையைச் செய்தவன். நாலும் செத்தது என்னாலை. எழுதும் ரீச்சர்."

யன்னலடியிலிருந்து செல்லம்மாக்காதான் பேசினா.

"ஏன் ஐயா முழுக்கத் தலையிலை போடுறியள்? ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கவேணும் நான். என்னிலையும் பிழை இருக்கு."

அவர் யன்னலைத் திரும்பிப் பார்த்தார். கண் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"இதிலையும் பங்குக்கு வாறியோ?" என்றார்.

செல்லம்மாக்கா மட்டும்தான் பங்குக்குப் போனா. மற்றவர்கள் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, கீழே தலைவர் என்று என் கையெழுத்தைப் போட்டேன். படலையில் கை வைத்திருந்தவள் நான் என்று எழுதவில்லை.